‘இங்கே எங்கே நல்ல சாப்பாடு?’ – யாழ்ப்பாணத்து விடுதிக்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் ஒரு திறந்த மடல்

விடுதி நடத்தும் அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும், வீட்டின் ஒரு பக்கத்தை நாள்வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கும், புகையிரத நிலையத்தடியில் ஓட்டோவோடு நிற்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

போன மாதம் குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காக நின்றபோது தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைச் சந்தித்தேன். நாகபட்டினத்தில் கப்பல் ஏறி காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர்கள். கணவன், மனைவி, மனைவியின் தாயார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு அது மூன்றாவது நாள். “சாப்பாடெல்லாம் எப்படி?” என்று கேட்டேன். வந்த இரண்டு இரவும் பிரைட் ரைஸ்தான் என்றார்கள். தங்கிய இடத்தில் விசாரித்தார்களாம், கைகாட்டிய கடையில் அதுவும் கொத்துரொட்டியும்தான் இருந்ததாம். காலையில் பாணும் ஜாமும் முட்டைப் பொரியலும். “உங்க ஊரு புட்டு, சொதின்னு கேள்விப்பட்டுத்தான் வந்தோம் தம்பி. எங்கேயும் கண்ணுலேயே படல” என்றார் அந்த அம்மா.

அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அவர்களுக்கு வழிகாட்டியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. சுத்தமான கடை, வெளிச்சமான கடை, இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கிற கடை என்று யோசித்துத்தான் அனுப்பியிருப்பார். ஆனால் நாங்கள் எல்லோரும் ஒரு விஷயத்தை வந்தவர்களிடம் சொல்ல மறந்துவிடுகிறோம். எங்கள் ஊரில் நல்ல சாப்பாடு ஒரு கடைக்குள் நாள் முழுக்கக் காத்திருப்பதில்லை. அது ஒரு நேரத்துக்கு வரும், முடியும், போய்விடும். விருந்தாளி ‘எங்கே?’ என்று கேட்கிறார். நாங்கள் ‘எத்தனை மணிக்கு?’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடத்தை மட்டும் சொன்னால் பாதிப் பதில்தான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தவர் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கடைச் சாப்பாடு என்பது நகரத்துக்கு வேலைக்கு வந்தவர்களுக்கும், அறை எடுத்துப் படித்த பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கும் என்றுதான் இருந்தது. ஆகவே கடையின் அடுப்பும் அவர்களுடைய நேரத்துக்கே எரிந்தது. நான் நகரத்தின் பெரியகடைப் பக்கம் ஒரு புடவைக்கடையில் 22 வருடம் நின்றவன். அத்தனை வருடமும் மத்தியானச் சாப்பாடு வெளியில்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

காலையை எடுத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணிக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற இடியப்பமும் புட்டும் பல நேரம் அந்தக் கடையில் அவித்தவை அல்ல. விடிய மூன்று மணிக்கு எழும்பி, அக்கம்பக்கத்து வீடுகளில் பெண்கள் அவித்து, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ கொண்டுவந்து கொடுப்பவை. அதனால்தான் அதில் வீட்டு ருசி இருக்கிறது. அதனால்தான் ஒன்பது மணிக்குப் பிறகு போனால் வெறும் பெட்டி இருக்கிறது. உங்கள் விருந்தாளி எட்டரைக்கு எழும்பி, குளித்து, ஒன்பதரைக்கு வந்து “காலைச் சாப்பாடு எங்கே?” என்று கேட்டால் உங்களால் பாணைத்தான் காட்ட முடியும். முதல்நாள் இரவே சொல்லுங்கள்: “நாளைக்கு ஏழு மணிக்கு எழும்புங்கோ, இந்த ஒழுங்கை (சந்து) முடியிற இடத்தில ஒரு கடை இருக்கு, சுடச்சுடப் புட்டு வரும்.” இந்த ஒரு வசனம் போதும். பனையோலை நீத்துப்பெட்டியில் அவித்த புட்டும், செத்தல் மிளகாய் போட்டு இடித்த சம்பலும், தேசிக்காய் விட்ட தேங்காய்ப்பால் சொதியும் கிடைத்த காலையை அவர்கள் ஊருக்குப் போயும் மறக்க மாட்டார்கள்.

மத்தியானம் இன்னும் கண்டிப்பானது. பன்னிரண்டரைக்குப் போனால் கணவாய்க் கறி இருக்கும், சுறா வறை இருக்கும், முருங்கை இலை போட்ட நண்டுக் குழம்பு இருக்கும். ஒன்றேமுக்காலுக்குப் போனால் பருப்பும் பொரித்த மிளகாயும் அப்பளமும் மிஞ்சியிருக்கும். எங்கள் கடையில் சாப்பாட்டுக்கு யார் முதலில் போவது என்று தினமும் இழுபறி நடந்தது அதனால்தான். வெளியூர்க்காரர் கோட்டையைப் பார்த்து, நூலகத்தைப் பார்த்து, வெயிலில் காய்ந்து இரண்டு மணிக்குத்தான் சாப்பாட்டை நினைக்கிறார். ஓட்டோத் தம்பிமாரே, இது உங்கள் கையில் இருக்கிறது. பன்னிரண்டே காலுக்கு வண்டியைத் திருப்புங்கள். “நூலகம் ஓடிப் போகாது, சோறு முடிஞ்சிடும்” என்று சொல்லுங்கள்.

பின்னேரம் நான்கு மணிக்குமேல் கவலையே இல்லை. வடையும் றோல்ஸும் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கக் கற்றுக்கொடுங்கள். பருத்தித்துறை வடையை ஊருக்குக் கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், நாள்கணக்கில் மொறுமொறுப்பாக இருக்கும்.

இரவுதான் எங்கள் குறை. அதை ஒப்புக்கொள்வோம். இருட்டியதும் ஊர் வீட்டுக்குப் போய்விடுகிறது. நல்ல சோத்துக்கடைகள் அடுப்பை அணைத்துவிடுகின்றன. எட்டு மணிக்கு ஒருவர் கேட்டால் பிரைட் ரைஸைத் தவிர உங்களுக்கும் வழி தெரிவதில்லை. ஆனால் சைவக்கடைகளில் தோசை இருக்கிறது. அதைவிட நல்ல வழி ஒன்றும் இருக்கிறது. உங்கள் ஒழுங்கையிலேயே இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிற வீடு ஒன்று இருக்கும். பின்னேரம் மூன்று மணிக்குச் சொல்லிவைத்தால் இரவுக்கும் அவித்துத் தருவார்கள். விருந்தாளிக்கு நல்ல சாப்பாடு, அந்த வீட்டுக்கு ஒரு வருமானம். உங்கள் சமையலறையைத் திறக்கக்கூடத் தேவையில்லை.

பெயர் போன இடங்களுக்கு அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மலாயன் கபேயில் வாழையிலை போட்டுச் சாப்பிடுவது எனக்கும் விருப்பம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கும்பிட்டுவிட்டு ரியோ கடையில் ஐஸ்கிரீம் குடிக்காமல் எங்கள் பிள்ளைகளே வீடு திரும்ப மாட்டார்கள். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் கண் முன்னாலேயே சமைத்து நியாய விலைக்குத் தருகிறார்கள். குரக்கன் (கேழ்வரகு), உழுந்து, ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) என்று கடைகளில் அரிதாகிப்போன பண்டங்களை அங்கே காட்டலாம். இந்த மூன்றையும் எல்லாரும் சொல்கிறீர்கள், சந்தோசம். அதோடு நிறுத்திவிடுவதுதான் எனக்குக் கவலை.

நாளும் மாதமும் பார்த்துச் சொல்வதும் அவசியம். வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் 25 நாளும் ஊரே பெரும்பாலும் சைவம்தான். அந்த நாளில் நண்டு தேடி வந்தவர் ஏமாறுவார். அவரிடம் முன்கூட்டியே சொன்னால் ஏமாற்றம் இல்லை. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வாழைக்காய்ப் பால்கறியும் சாப்பிட அதைவிட நல்ல காலம் ஏது? தை, மாசியில் வந்தவருக்கு அவித்த பனங்கிழங்கு வாங்கிக் கொடுங்கள். பனம்பழம் விழுகிற ஆவணி, புரட்டாதியில் வந்தவருக்குப் பனங்காய்ப் பணியாரம். நிலவுகாலத்து நண்டில் சதை குறைவு, இருட்டுகாலத்து நண்டுதான் நல்லது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இதையெல்லாம் விருந்தாளிக்குச் சொல்லிப் பாருங்கள், நீங்கள் பாடம் எடுப்பதாக நினைக்க மாட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பார்.

உறைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. “அவையளுக்கு உறைப்புத் தாங்காது” என்று நாங்களே முடிவெடுத்து, வந்தவரைக் கறித்தூளே படாத சாப்பாட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எங்கள் சமையலில் உறைப்புக்குப் பக்கத்திலேயே சொதியும் பால்கறியும் இருப்பது எதற்கு? குழம்பு கொஞ்சம், சொதி நிறைய என்று குழைக்கக் காட்டினால் சின்னப் பிள்ளையும் சாப்பிடும்.

கொமிசன் விஷயத்தையும் மனம்விட்டுக் கதைப்போம். ஆள் கொண்டுபோய் விட்டால் இவ்வளவு என்று சில இடங்களில் கொடுக்கிறார்கள், சிலர் வாங்குகிறார்கள். பெற்றோல் விலையில் ஓட்டோ ஓடிப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் தம்பியே ஓட்டோ ஓடுகிறான். ஆனாலும் அந்தக் காசுக்காக ஒருவரை நல்ல சோற்றுக்குப் பக்கத்தால் ஏற்றிக்கொண்டு போய் வேறெங்கோ இறக்காதீர்கள். நல்ல கடையில் இறக்கிவிட்டால் அவர் மறுநாளும் உங்களைத்தான் கூப்பிடுவார். என் தம்பிக்கு அப்படிக் கிடைத்த ஆட்கள் இருக்கிறார்கள். ஊராளுக்கு ஒரு விலை, வந்தவருக்கு ஒரு விலை என்று எங்காவது கண்டால் அந்தக் கடைக்காரரிடம் நீங்களே நேரில் கேளுங்கள். வெட்கம் எங்கள் எல்லோருக்கும்தான்.

தீவுகளுக்குப் போகிறவர்களைத் தனியாகக் கவனியுங்கள். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். அங்கே கடைகள் குறைவு. போய் இறங்கிய பிறகு தேடினால் நேரமும் போகும், பசியும் கூடும். விடியப் புறப்படும்போதே இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் கட்டிக் கொடுங்கள். அல்லது அங்கே மத்தியானச் சாப்பாடு சமைத்துத் தருகிறவரைத் தொலைபேசியில் பிடித்து, இத்தனை பேர் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். மீன் பக்கத்துக் கடலில் பிடிபட்டதாக இருக்கும், சமையல் வீட்டுச் சமையலாக இருக்கும். நயினாதீவுக்குப் போகிறவர்களிடம் அமுதசுரபி அன்னதான மண்டபத்தைச் சொல்லுங்கள். அந்தத் தஞ்சாவூர்க் குடும்பத்தை நான் அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன். அம்மனைக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். அந்த அம்மா இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார். யாழ்ப்பாணத்தில் அவர் மனம் நிறைந்து சாப்பிட்ட முதல் சோறு அது.

கடைசியாகக் கூழ். இதை எந்தக் கடைப் பலகையிலும் எழுதிவைத்துத் தினமும் விற்க முடியாது. ஒடியல்மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிகிற நீரை வடித்துக் கசப்பைப் போக்க வேண்டும். நண்டு, இறால், மீன்தலை, திருக்கை, மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பயற்றங்காய், பிடி அரிசி, செத்தல் மிளகாய்க் கூட்டு, பழப்புளி. எல்லாம் ஒரு பெரிய பானையில் வெந்து, கடைசியில் மா கரைத்து விட்டுத் துழாவி இறக்க வேண்டும். பிலாவிலையை மடித்து ஈர்க்கால் குத்தி, வியர்க்க வியர்க்கக் குடிக்க வேண்டும். இரண்டு பேருக்குக் கூழ் காய்ச்ச முடியாது. பத்துப் பேர் இல்லாமல் பானையை ஏற்றினால் அது கூழாகவே வராது. அதனால்தான் ஒரு விடுதியில் தங்கிய இரண்டு பேர் கேட்டால் நீங்கள் “கஷ்டம்” என்று சொல்லிவிடுகிறீர்கள்.

சரி, ஒரு ஒழுங்கையில் நாலு விடுதி இருக்கிறதே? ஒவ்வொன்றிலும் மூன்று பேரைச் சேர்த்தால் ஒரு பானை. உங்களுக்குள் தொலைபேசியில் பேசிச் சனிக்கிழமைக்கு ஒரு கூழ் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒருவரையொருவர் தெரியாத பன்னிரண்டு பேர் ஒரு பானையைச் சுற்றி உட்கார்ந்து பிலாவிலை மடிக்கப் பழகுவதைக் கண்ணால் பாருங்கள்.

நான் சொல்லிவிட்டு ஒதுங்கப்போவதில்லை. கொக்குவிலில் எங்கள் வீட்டு முற்றம் பெரிது, மாமரத்து நிழல் இருக்கிறது, அக்காவின் கைக்கூழுக்கு ஊரில் பெயர் உண்டு. அடுத்த சனிக்கிழமை முதல் பானையை நாங்கள் ஏற்றுகிறோம். சாமான் காசைப் பங்கிட்டுக்கொண்டால் போதும். எத்தனை பேர் வருவார்கள் என்று வியாழன் பின்னேரத்துக்குள் சொல்லிவிடுங்கள். சனி விடிய ஐந்து மணிக்குப் பாசையூர் மீன் சந்தையில் நண்டு வாங்கப் போக வேண்டும்.

அன்புடன்,
கொக்குவிலில் இருந்து உங்களில் ஒருவன்