டிவிடி ரைட்டரை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் கிடக்கும் பழைய திருமண வீடியோ கேசட்டுகளை, பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போகும் முன் கணினியில் ஏற்றிக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால், ஏற்றிய காட்சிகளைப் பிறகு டிவிடியில் பதிவு செய்துகொள்ளலாம் என்ற ஒரே வரியோடு கட்டுரை முடிந்துவிட்டது. கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், பலர் மாட்டிக்கொண்டு விழிப்பது அந்தக் கடைசி வரியில்தான் என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கேசட்டை ஏற்றும் வேலைக்குச் சிற்றூர் ஸ்டுடியோக்களில் இன்றும் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளே இருக்கின்றன. அதற்குக் காரணம் கஞ்சத்தனம் அன்று. கேசட்டிலிருந்து காட்சியை எடுக்கும் கேப்சர் கார்டுகள் பலவற்றுக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் கிடையாது; மினி-டி.வி. (MiniDV) வகைக் கேசட் கேமராவை இணைக்கும் ஃபயர்வயர் துளையும் இன்றைய கணினிகளில் இருப்பதில்லை. எனவே அந்தக் கணினி ஒழிந்தால் கேசட்டை ஏற்றும் வழியும் அதோடு ஒழிந்தது. இந்த நிலையில், டிவிடி பதிவு திடீரென்று ஆமை வேகத்துக்கு இறங்கி, சில நாளில் பாதியிலேயே நின்றுபோகத் தொடங்கும்போது, பழுது பார்க்கும் கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “ரைட்டர் போய்விட்டது, இந்த ஐடிஇ ரைட்டர் இப்போது வருவதில்லை, சாட்டா ரைட்டர் மாட்ட உங்கள் மதர்போர்டில் இடம் இல்லை, மொத்தமாக மாற்றிவிடுங்கள்.” (ஐடிஇ என்பது அகன்ற பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய இணைப்பு முறை; சாட்டா அதற்குப் பின் வந்தது.) எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் இப்படிச் சொல்லிக் கணினியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதைத் திறந்து பார்த்தபோது ரைட்டரில் எந்தக் குறையும் இல்லை.

தீர்ப்புச் சொல்லும் முன் கவனிக்க வேண்டிய இடம் பதிவு மென்பொருளின் திரையிலேயே இருக்கிறது. நீரோவிலும் இம்ஜ்பர்னிலும் பதிவு நடக்கும்போது இரண்டு பட்டைகள் தெரியும். ஒன்று கணினியின் நினைவகத்தில் காத்திருக்கும் தரவின் அளவு, மற்றது ரைட்டருக்குள்ளேயே இருக்கும் பஃபர் என்ற சிறு தற்காலிக நினைவகத்தில் இருக்கும் தரவின் அளவு. அந்தக் காலத்து ரைட்டர்கள் பலவற்றில் இது இரண்டு மெகாபைட் மட்டுமே. இரண்டாவது பட்டை நிறைவதும் வடிவதுமாக ஊசலாடினால் ரைட்டருக்குத் தரவு போதிய வேகத்தில் வந்து சேரவில்லை என்று பொருள். அது எப்போதும் நிறைந்தே இருந்தும் பதிவு தோற்றால் குறை டிவிடியிலோ லேசரிலோ மின்சாரத்திலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனைக்கு ஸ்குரூ டிரைவர்கூடத் தேவையில்லை.

முன்பெல்லாம் பஃபர் ஒரு கணம் காலியானாலே டிஸ்க் குப்பைக்குப் போய்விடும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் சான்யோ நிறுவனத்தின் ‘பர்ன் புரூஃப்’ போன்ற உத்திகள் வந்த பிறகு, தரவு தீர்ந்தால் லேசர் நின்று, மறுபடி தரவு வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. அன்று டிஸ்க்கை வீணாக்கிய அதே குறைதான் இன்று வெறும் தாமதமாகத் தெரிகிறது என்பதால், யாரும் அதைத் தேடிப் பிடிப்பதில்லை.

டிவிடியின் ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 1.38 மெகாபைட். எட்டு மடங்கு என்றால் நொடிக்கு 11 மெகாபைட்டும், பதினாறு மடங்கு என்றால் 22 மெகாபைட்டும் இடைவிடாமல் போய்ச் சேர வேண்டும். இதற்கு டிஎம்ஏ முறை தேவை. அதில் தரவு பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்துக்கும் ரைட்டருக்கும் இடையே நேரடியாகப் போய்வருகிறது. பிஐஓ என்ற பழைய முறையிலோ, கடை முதலாளியே ஒவ்வொரு மூட்டையையும் தோளில் சுமந்து லாரியில் ஏற்றுவது போல, பிராசசரே எல்லாத் தரவையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஏட்டளவில் பிஐஓவின் உச்சம் நொடிக்கு 16.6 மெகாபைட், நடைமுறையில் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசர் நூறு சதவீதத்தை ஒட்டி நிற்பதும், சுட்டி விட்டுவிட்டு நகர்வதும் இதன் அடையாளங்கள்.

டிஎம்ஏவில் ஓடிக்கொண்டிருந்த கணினியைப் பிஐஓவுக்கு இறக்குவது விண்டோஸ் எக்ஸ்பியேதான். ஒரு சாதனத்தோடு பேசும்போது பதில் வராமல் நேரம் கடந்துபோதல் அல்லது தரவு சிதைந்து வந்ததைக் காட்டும் சிஆர்சி பிழை மொத்தம் ஆறு முறை நேர்ந்துவிட்டால், அது வேகத்தை ஒரு படி குறைக்கிறது. பிழைகள் தொடர்ந்தால் படிப்படியாக இறக்கிக் கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. இதை எந்த அறிவிப்புப் பெட்டியும் காட்டித் தெரிவிப்பதில்லை. கீறல் விழுந்த பாட்டு சிடி ஒன்றைப் படிக்க முயன்று ரைட்டர் திணறிய சில நிமிடங்களே இதற்குப் போதும். சிடியை வெளியே எடுத்து எறிந்த பின்னும் தண்டனை மட்டும் நீடிக்கிறது.

சரிபார்க்கும் வழி எளிது. டிவைஸ் மேனேஜரில் ‘ஐடிஇ ஏடிஏ ஏடாபி கன்ட்ரோலர்ஸ்’ என்பதை விரித்து, ரைட்டர் மாட்டியிருக்கும் சேனலை (பெரும்பாலும் செகண்டரி ஐடிஇ சேனல்) திறந்து, ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோடு’ என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அல்ட்ரா டிஎம்ஏ மோடு 2 என்றோ 4 என்றோ இருந்தால் நலம். பிஐஓ மோடு என்றிருந்தால், மேலே உள்ள தேர்வு ‘டிஎம்ஏ இஃப் அவைலபிள்’ என்று இருந்தாலும் அது ஏட்டுச் சுரைக்காய்தான். அந்தச் சேனலை மட்டும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டறிந்து பழைய பிழைக் கணக்கை மறந்து டிஎம்ஏவுக்குத் திரும்பும். ஸ்டுடியோக்காரரின் கணினியில் செய்தது இவ்வளவே.

சில வாரங்களில் மீண்டும் பிஐஓவுக்கு இறங்கினால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். ஐடிஇ கேபிள்களில் நாற்பது கம்பி, எண்பது கம்பி என இரு வகை உண்டு. இரண்டுக்கும் முனை ஒன்றுபோலவே இருக்கும், பட்டையில் ஓடும் வரிகளின் நெருக்கம்தான் வேறு. மோடு 2-க்கு மேற்பட்ட வேகத்துக்கு எண்பது கம்பிக் கேபிள் கட்டாயம். அதன் நீல முனை மதர்போர்டில் சேர வேண்டும். ஹார்டு டிஸ்க்கும் ரைட்டரும் ஒரே கேபிளில் மாட்டியிருந்தால் ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும் என்பதால், இரண்டையும் தனித்தனிச் சேனலுக்குப் பிரித்து, சாதனத்தின் பின்புறம் உள்ள ஜம்பர் என்ற சிறு செருகியையும் அதற்கேற்ப மாற்றிவிடுவது நல்லது. பதிவு ஓடும் நேரத்தில் ஆன்டிவைரஸ் முழுச் சோதனை நடத்தக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். பல இடங்களில் பார்த்த பிறகு சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

பஃபர் நிறைந்திருந்தும் பதிவு தோற்பது வேறு கதை. எழுதத் தொடங்கும் முன் ரைட்டர் டிஸ்க்கின் உள்வட்டத்தில் ஓரிடத்தில் லேசரின் வலிமையைச் சோதித்துக்கொள்ளும். ‘பவர் காலிபிரேஷன் எரர்’ என்று வந்தால் அந்தச் சோதனையிலேயே தோற்றுவிட்டது என்று பொருள். முதலில் வேறு தயாரிப்பு டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் மோசர் பேயர் நிறுவனம் நம் நாட்டிலேயே வெற்று டிஸ்க்குகளைப் பெருமளவில் தயாரித்தது. 2018-இல் அந்நிறுவனத்தைக் கலைக்க உத்தரவாகிவிட்டது. இப்போது சிறு கடைகளில் கிடைப்பவற்றில் பல, வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பழைய இருப்பு, அல்லது யார் தயாரித்தது என்றே தெரியாதவை. மேலும், எந்த டிஸ்க்குக்கு லேசரை எப்படிச் செலுத்துவது என்ற குறிப்பு ரைட்டருக்குள்ளேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளில் இருக்கிறது. ரைட்டர் வெளிவந்த பின் சந்தைக்கு வந்த டிஸ்க்கை அது அறியாது. அப்போது ஏதோ பொதுவான முறையில் எழுதிப் பார்க்கிறது.

வேகத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. பதினாறு மடங்குக்கென்று தயாரித்த டிஸ்க்கில் இரண்டு மடங்கில் எழுதினால் தரம் கூடும் என்று எந்த உறுதியும் இல்லை. சில நேரம் குறையவும் செய்கிறது. எட்டு மடங்கு வைப்பதே என் வழக்கம். அதற்கும் டிஸ்க் ஒத்துவரவில்லை என்றால், லென்ஸில் படிந்த தூசியையும், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மேற்புறம் உப்பிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றனவா என்பதையும் பார்க்கலாம். சுழற்சி வேகம் ஏறும்போது ரைட்டர் கூடுதல் மின்சாரம் இழுக்கும். நோஞ்சான் எஸ்எம்பிஎஸ் அந்த நேரத்தில்தான் கைவிடும். இவை எல்லாவற்றையும் கடந்தும் தோற்றால் லேசர் தேய்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளலாம்.

அப்போதும் கணினியை மாற்ற வேண்டியதில்லை. யுஎஸ்பி ரைட்டர் ஒன்றை வெளியிலிருந்து இணைத்துக்கொள்ளலாம். கணினியில் இருப்பது யுஎஸ்பி 1.1 துளை என்றால் மட்டும் அது பயன்படாது. அதன் உச்சம் நொடிக்கு 12 மெகாபிட்தான். டிவிடியின் ஒரு மடங்கு வேகத்துக்கே அது நடைமுறையில் தாங்காது. மதர்போர்டில் கார்டு செருகும் பிசிஐ இடத்தில் யுஎஸ்பி 2.0 கார்டு ஒன்றைச் செருகிவிட்டால் போதும். மெல்லிய ரைட்டர்களுக்கு ஒரு துளையின் மின்சாரம் போதாமல் போவது உண்டு என்பதால், முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் நேரடியாக மாட்ட வேண்டும். இரட்டை முனைக் கேபிள் வந்திருந்தால் இரண்டையும் மாட்ட வேண்டும்.

ரைட்டருக்குச் சம்பந்தமே இல்லாத தோல்விகளும் உண்டு. எக்ஸ்பி தன் சொந்த வசதியில் சிடி மட்டுமே எழுதும். டிவிடிக்குத் தனி மென்பொருள் வேண்டும். ஹார்டு டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால் நான்கு ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் நிற்காது. முழு டிவிடியையும் ஒரே கோப்பாக்கிய இமேஜ் அதனாலேயே பாதியில் நின்றுபோகும்.

பழுது பார்க்கும் தோழர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘ரைட்டர் பழுது’ என்று பில்லில் எழுதும்போது, டிரான்ஸ்ஃபர் மோடு என்ன காட்டியது, வேறு கேபிளும் வேறு டிஸ்க்கும் போட்டுப் பார்த்தாயிற்றா என்பதையும் அதே பில்லில் எழுதிக் கொடுங்கள். ஸ்டுடியோக்காரர்களும், பதிவு முடிந்ததும், எழுதியதை மூலத்தோடு ஒப்பிடும் ‘வெரிஃபை’ சோதனையை ஓடவிட்டு, அதில் தேறிய டிஸ்க்கை மட்டும் வாடிக்கையாளரிடம் கொடுங்கள். மூலக் கோப்பை வேறொரு ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் வரை கேசட்டின் மீது மறுபதிவு செய்ய யாருக்கும் அனுமதி தராதீர்கள்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்ப்பவர்,
கும்பகோணம்.