இறக்கினதும் காலைத் தடவிப் பார்

அன்புள்ள தாயி,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், பக்கத்தில் நின்றுகொண்டு அம்மாவும் அழுவாள், சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுபோகும். அதனால் தாளில் எழுதித் தம்பியிடம் கொடுக்கிறேன். அவன் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான்.

ஆஸ்திரேலியாவில் அந்த மெனாங்கிள் குதிரை வண்டிப் பந்தயம் முடிந்து ராத்திரி திரும்பினவள், குதிரையின் காலைப் பார்க்காமல் படுத்துவிட்டாய். விடிந்தபோது முட்டிக்குக் கீழே வீக்கம். முதலாளி எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். இந்த வேலை எனக்கு ஆகாது, ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றாயாம். வருவதென்றால் வா, வீடு இங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் நம் பந்தய மாடு மயிலைக்கு நடந்ததைக் கேள். உன் அம்மாவுக்கே இதை முழுசாகச் சொன்னதில்லை.

நீ அப்போது மூன்றாவது படித்தாய். தேவகோட்டைப் பக்கம் ஒரு ஊரில் புரவி எடுப்பு, அய்யனாருக்கு மண் குதிரை எடுக்கிற திருவிழா, அதற்கு மாட்டு வண்டிப் பந்தயம். தார் ரோடு காய்வதற்குள் ஓட்டி முடித்துவிடுவார்கள் என்பதால் மேலூரிலிருந்து ஒன்றரை மணிக்கே குட்டி யானை வண்டியில் மாட்டை ஏற்றிவிட்டோம். நம் கிணற்றுத் தண்ணீர் நாலு கேன் உடன் வரும். மயிலைக்கு வேற்றூர்த் தண்ணீர் ஆகாது, மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். உன் குதிரையும் அப்படித்தான் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கருப்பட்டி கரைத்து ஊற்றிப் பார்.

கரிச்சான் மாடு என்கிற சின்ன மாட்டுப் பிரிவில் நமக்கு நாலாவது இடம். சாரதிக்கு மாலை, முதலாளிக்குத் துண்டு. அழகாய்த்தான் ஓடியது. திரும்புகிற எல்லையில் கொடியை முதலில் தொட்டது நம் ஜோடிதான், திரும்பி வரும்போதுதான் பின்தங்கிப்போனது. திரும்புகிற பயணத்தில்தான் வினை. மாட்டோடு பின்னால் நிற்க வேண்டிய நான், கண்ணைச் சொருகுகிறது என்று டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். காலையில் அவசரத்தில் வைக்கோலும் கொஞ்சமாகத்தான் பரப்பியிருந்தேன். திருப்பத்தூர் தாண்டி ஒரு நாய் குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன், மாடு நின்றுகொண்டுதான் இருந்தது. சரி, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். ஊருக்கு வந்து, கொட்டத்தில் கட்டி, தண்ணீர் காட்டிவிட்டுப் படுத்தேன். கையை மட்டும் வைத்துப் பார்க்கவில்லை.

விடிந்தபோது இடது முன்னங்கால் முட்டி தேங்காய் மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தது பார், அதைத்தான் இன்னமும் என்னால் மறக்க முடியவில்லை.

உன் முதலாளி சத்தமாவது போட்டார். என் முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரைக் கூட்டி வந்தார், ஊசி போட வைத்தார், மூன்று நாள் பிடிகயிற்றை மட்டும் என் கையில் கொடுக்கவில்லை. நான் வாசலில் நிற்பேன், அவர் என்னைத் தாண்டிப் போவார். நாலாம் நாள் பருத்திக்கொட்டை வாளியை என் காலடியில் வைத்துவிட்டு, "இது யார் வைத்தாலும் திங்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அந்த வருஷம் மயிலை ஓடவில்லை. தினமும் ஒத்தடம், அப்புறம் கண்மாயில் நீச்சல். அடுத்த தைக்குத்தான் நுகத்தடி ஏறியது.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டு வண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது. மற்ற ஜோடிகளை விற்ற முதலாளி மயிலையை மட்டும் என்னிடம் விட்டுவைத்தார். 2017 ஜனவரியில் சட்டம் திருத்துகிற வரைக்கும் நான் லோடு இறக்கப் போய்த்தான் அதற்குத் தவிடு வாங்கினேன். அதற்குள் அதற்கு வயதாகிவிட்டது, பந்தயம் திரும்ப வந்தும் பார்த்துக்கொண்டுதான் நின்றது.

உங்கள் பந்தயத்தில் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது, நடை மாறினால் இழுத்துப் பிடித்து வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்றாயே, அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்தே போகுமாமே! 1879இல் அமெரிக்காவில் ஒரு மைலுக்கு இரண்டரை நிமிடம் என்று அளவு வைத்ததால்தான் அந்த ஜாதிக்கே ஸ்டாண்டர்ட்பிரெட் என்று பேர் வந்தது என்பதைக் கொட்டத்தில் எல்லாரிடமும் சொன்னேன். நம்ம பெரிய மாட்டை எட்டு மைல் விட்டுப் பார்க்கச் சொல் என்கிறார்கள். விடு, அவர்கள் அப்படித்தான்.

நோட்டீசில் முதலாளி பேர் வரும், சாரதி பேர் வரும், நம் பேர் வராது. எனக்கு அதில் வருத்தம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். உனக்கும் இருக்கும்.

இனிமேல் ராத்திரி எத்தனை மணியானாலும், இறக்கினதும் நாலு காலையும் மேலிருந்து கீழே உள்ளங்கையால் தடவு. முட்டிக்குக் கீழே, பின்பக்கத்து நரம்போடு போ. ஒரு காலில் மட்டும் சூடு தெரிந்தால் அந்த நேரமே ஆளை எழுப்பு. திட்டினால் திட்டட்டும்.

அம்மா இட்லிப்பொடி இடித்து வைத்திருக்கிறாள். கொள்ளும் கட்டிக் கொடுக்கட்டுமா என்கிறாள், விதையெல்லாம் அந்த ஊருக்குள் லேசில் விட மாட்டார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

வீக்கம் இப்போது எப்படி இருக்கிறது? நீ அனுப்புகிற படத்திலெல்லாம் குதிரையின் மூஞ்சிதான் இருக்கிறது. காலை எடுத்து அனுப்பு.

அப்பா