ஷேக் அப்துல்லாவும் 1978 சட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஷேக் அப்துல்லா பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஸ்ரீநகரை அடுத்த சௌராவில் சால்வை வியாபாரி குடும்பத்தில் பிறந்து, அலிகாரில் வேதியியல் முதுகலை முடித்து, ஸ்ரீநகரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் 'காஷ்மீர் சிங்கம்' ஆன கதை நன்றாகவே வந்திருக்கிறது. 1950 நிலச் சீர்திருத்தத்தில் 182 கனாலுக்கு (சுமார் 23 ஏக்கர்) மேல் இருந்த நிலத்தை நஷ்டஈடு தராமல் எடுத்து உழுதவனுக்குக் கொடுத்ததை விரிவாக எழுதியதற்குத் தனியாக ஒரு நன்றி. இன்றைக்கும் அங்கே வயதானவர்கள் அவரை நினைப்பது அதற்காகத்தான்.

ஆனால் 1975-க்குப் பிறகு நான்கே வரி. முதல்வரானார், 1977 தேர்தலில் ஜெயித்தார், 1982-இல் மறைந்தார், லட்சக்கணக்கானோர் கூடினார்கள். அவ்வளவுதானா? விசாரணை இல்லாமல் ஆளை அடைத்துவைக்க 1978-இல் அவர் அரசே கொண்டுவந்த சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் குறை அங்கேதான்.

முதலில் அவர் சிறையில் கழித்த காலத்தைப் பாருங்கள். 1953 ஆகஸ்டில் குல்மார்கில் தங்கியிருந்தவரைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கி (அப்போது அங்கே பிரதமர் என்றுதான் பெயர்) நள்ளிரவில் கைது செய்தார்கள். நீக்கிய உத்தரவில் கையெழுத்துப் போட்ட அன்றைய மாநிலத் தலைவர் கரண் சிங்குக்கு வயது 22. அன்று தொடங்கி 1968 ஜனவரி வரை பதினான்கு ஆண்டுக்கு மேல் ஆகிறது. இதில் அவர் வெளியே இருந்தது 1958-இல் சில மாதம், 1964 ஏப்ரலிலிருந்து அடுத்த மே வரை பதின்மூன்று மாதம். கூட்டினால் ஒன்றரை வருஷம்கூட முழுசாகத் தேறாது. நடுவில் போட்ட சதி வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் அரசே வாபஸ் வாங்கிவிட்டது. தீர்ப்பு என்று எதுவும் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு பகுதியை அவர் நம் கொடைக்கானலில்தான் கழித்தார். ஹஜ் போன வழியில் அல்ஜியர்ஸில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார் என்று 1965 மே மாதம் டெல்லியில் விமானம் விட்டு இறங்கியதுமே பிடித்து, முதலில் ஊட்டி, பிறகு கொடைக்கானல் என்று வைத்தார்கள். இதைக் கட்டுரை சொல்லவே இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை மேலே கூட்டிப்போனால் டிரைவர்கள் 'ஷேக் அப்துல்லா பங்களா' என்று கை காட்டுவார்கள். போன முறை வந்த சொந்தக்காரப் பையன், "எந்தப் படத்துல நடிச்சவரு தாத்தா?" என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீர்ப்பே இல்லாமல் இத்தனை வருஷம் அடைபட்டுக் கிடந்தவர் 1975-இல் மறுபடி நாற்காலிக்கு வருகிறார். 1977-இல் 76 இடங்களில் 47-ஐப் பிடிக்கிறார். அடுத்த ஆண்டு அவருடைய அரசு கொண்டுவந்தது பொதுப் பாதுகாப்புச் சட்டம். ஒருவரை இரண்டு ஆண்டு வரை விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம். மாவட்ட ஆட்சியரின் கையெழுத்து போதும். மரக் கடத்தல்காரர்களை அடக்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். நம் குண்டர் சட்டமும் கள்ளச்சாராயக்காரர்களைக் காட்டித்தானே வந்தது! அப்புறம் யார் யார் மேல் பாய்ந்தது என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காஷ்மீரிலும் அதுதான் நடந்தது. ஆயுதக் கிளர்ச்சி மூண்ட 1990-க்குப் பிறகு மரக் கடத்தலை யாரும் பேசவில்லை. சந்தேகப்பட்ட இளைஞர்கள் மேலெல்லாம் இதே சட்டம். மகன் ஃபாரூக் ஆண்டார், பேரன் ஒமர் ஆண்டார், இருவரும் அதை எடுக்கவில்லை. 2019 வந்தது. பிரிவு 370-ஐ முடக்கிய கையோடு பல மாநிலச் சட்டங்களை ரத்து செய்தார்கள், இதைத் தொடவில்லை. அண்ணா பிறந்தநாள் விழாவுக்குச் சென்னைக்கு வர ஒப்புக்கொண்டிருந்த ஃபாரூக்கைக் காணோம் என்று வைகோ உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டது நினைவிருக்கும். மனு விசாரணைக்கு வந்த வேளையில், அதுவரை காகிதமே இல்லாமல் வீட்டுக்காவலில் இருந்தவர் மேல் உத்தரவு ஒன்று வந்தது. அப்பா கொண்டுவந்த அதே சட்டம். 81 வயது முன்னாள் முதல்வரின் வீட்டையே சிறை என்று அறிவித்தார்கள். அடுத்த பிப்ரவரியில் ஒமர் மேலும் அதே.

இதை எழுதுவதால் ஷேக்கைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். டெல்லி அவருக்குச் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எதிர்க்கட்சி என்றால் அவருக்கும் ஆகாது. 1951-இல் நடந்த காஷ்மீர் அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் 75 இடங்களில் 73-இல் போட்டியே இல்லை. ஜம்முவில் எதிர்த்தவர்களின் வேட்புமனுக்கள் வரிசையாகத் தள்ளுபடி. அந்தக் குணம்தான் 1978-இல் சட்டமாக வந்தது என்பது என் எண்ணம். கட்டுரையாளர் இதை விட்டுவிட்டதால், கடைசிவரை அநியாயம் இழைக்கப்பட்ட மனிதராக மட்டும் ஷேக் நிற்கிறார்.

ஒரு சிறு திருத்தமும் உண்டு. 1964 மே 27, நேரு இறந்த செய்தி வந்தபோது ஷேக் ராவல்பிண்டியில் இருந்ததாக அச்சாகியிருக்கிறது. அவர் அன்று இருந்தது முசாஃபராபாத்தில். அந்தப் பாகிஸ்தான் பயணத்துக்குப் புறப்படும் முன் சென்னைக்கு வந்து ராஜாஜியிடம் யோசனை கேட்டுப் போனதையும் சேர்த்திருக்கலாம்.

ஒமர் இப்போது மறுபடி முதல்வர். சட்டத்தை எடுப்போம் என்று 2024 தேர்தல் அறிக்கையில் சொன்னார்கள். 2019-இல் யூனியன் பிரதேசமாக்கியதற்கு மறுபடி மாநில அந்தஸ்து வந்தால்தான் முடியும் என்கிறார். போலீஸ் டெல்லியின் கையில், அவர் கையில் இல்லை என்பதும் நிஜம்தான். 2025 ஜூலையில், 1931-இல் மன்னரின் படையால் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் கல்லறைக்கு ஃபாத்திஹா (இறந்தவர்களுக்கான பிரார்த்தனை) ஓதப் போன முதல்வரைப் போலீஸ் மறித்தது. அவர் வாயிற்கதவில் ஏறிக் குதித்து உள்ளே போனதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த 1978 சட்டத்தைப் பற்றி மட்டும், தாத்தா காலத்திலிருந்து பேரன் வரை, ஒரு தனிக் கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பெரியகுளம்