பொட்டலத்தின் பின்பக்கத்தில் இருந்த அந்த ஒரு வரி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து உங்கள் கைக்கு வரும் சோயாப்பால் பாட்டிலையோ டோஃபு பொட்டலத்தையோ திருப்பிப் பார்த்தால், வழக்கமாக இருந்த ஒரு வரி அங்கே இருக்காது. ‘இதயத்தைக் காக்கும், கொழுப்பைக் கரைக்கும்’ என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தோமே, அதுதான். எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் வேறு மூன்று வரிகள் வரும். சரக்கில் எந்த மாற்றமும் இல்லை. அதே பீன்ஸ், அதே அடுப்பு, அதே ஆட்கள். வரியை ஏன் எடுத்தோம், எதை வைத்தோம் என்று சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளம்தான், ஆற அமரப் படியுங்கள்.

ஒரே வாரத்தில் இரண்டு போன் வந்தது. முதலாவது, எங்களிடம் பல வருடமாக வாங்கும் ஒரு பெரியவர். தினமும் இரண்டு லிட்டர் பால் வேண்டும் என்றார். வீட்டில் விசேஷமா என்று கேட்டாள் ஆர்டர் எடுக்கும் என் தங்கை. “விசேஷம் ஒண்ணும் இல்லைம்மா. கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திட்டேன். இனிமே உங்க பால்தான் எனக்கு மருந்து. நீங்களே எழுதியிருக்கீங்களே!” தங்கை பதில் பேசாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டாள். இரண்டாவது, ஒரு அம்மா. வாங்கிய டோஃபுவைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். வீட்டுக்காரரும் பையனும் தொட மாட்டேன் என்கிறார்களாம், ஆண்கள் சோயா சாப்பிட்டால் பெண் தன்மை வந்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம்.

ஒருவருக்கு அது அமிர்தம், இன்னொரு வீட்டில் அது விஷம். நடுவில் நாங்கள் விற்பது என்னவோ ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய ஒரு பயறுதான். இரண்டாவது வதந்திக்கு நாங்கள் பொறுப்பில்லை. முதலாவதற்கு முழுப் பொறுப்பும் நாங்கள்தான்.

அந்த வரி எங்கள் கற்பனை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1999-இல் ஒரு அனுமதி கொடுத்தது. கெட்ட கொழுப்பு வகைகள் குறைந்த சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 25 கிராம் சோயாப் புரதம் சேர்த்துக்கொண்டால் இதய நோய் அபாயம் குறையலாம் என்று பொட்டலத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். உலகம் முழுக்க சோயா விற்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘குறையலாம்’ என்றிருந்தது எங்கள் பொட்டலத்துக்கு வரும்போது ‘காக்கும்’ என்று ஆகிவிட்டது. பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றுபோல இல்லை என்று சொல்லி, 2017-இல் அதே நிர்வாகம் அந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்று முன்மொழிந்தது. அந்தச் செய்தி எங்கள் காதுக்கும் வந்தது. அச்சடித்த லேபிள் கட்டுக்கட்டாகக் கிடந்ததால் கண்டுகொள்ளாமல் விட்டோம். அதுதான் உண்மை.

இப்போது நிலவரம் என்ன? ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சோயாப் புரதம் கெட்ட கொலஸ்ட்ராலைச் சுமார் 3 முதல் 4 சதவீதம் குறைக்கிறது. இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் மாத்திரை செய்யும் வேலைக்குப் பக்கத்தில்கூட வராது. அந்த 25 கிராம் கணக்கையும் பாருங்கள். எங்கள் பாலில் 100 மில்லிக்கு 3 கிராம் சொச்சம் புரதம். 25 கிராம் வர முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும், அதுவும் தினமும். என்னைக் கேட்டால், இதயத்துக்கு சோயா செய்யும் நல்லதில் பெரும்பங்கு, தட்டில் அது எதை நகர்த்திவிட்டு உட்காருகிறது என்பதில்தான் இருக்கிறது. கொழுப்பு மிகுந்த இறைச்சி இருந்த இடத்தில் டோஃபு வந்தால் லாபம். எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு டம்ளர் சோயாப்பால் குடித்தால் கூடுதலாக ஒரு டம்ளர், அவ்வளவுதான்.

அடுத்தது அந்த அம்மா சொன்ன விஷயம். சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருட்கள் இருக்கின்றன. ஜெனிஸ்டீன், டைட்சீன் என்று அவற்றுக்குப் பெயர். இவற்றின் உருவம் பெண்களின் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போலவே இருப்பதால் ‘தாவர ஈஸ்ட்ரோஜன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பயம் அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடங்கள் இரண்டு வகை, ஆல்ஃபா, பீட்டா என்று. நம் உடம்பு சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இரண்டிலும் உட்காரும். சோயாவில் இருப்பது பெரும்பாலும் பீட்டாவைத்தான் தேடிப் போகும், அங்கும் அதன் பலம் மிகவும் குறைவு. ஒரே அச்சில் வார்த்த சாவி மாதிரி தெரிந்தாலும் எல்லாப் பூட்டும் அதற்குத் திறக்காது.

பயத்துக்குப் பின்னால் ஒரு ஆட்டுக் கதையும் உண்டு. 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குளோவர் என்ற தீவனச் செடியை மேய்ந்த செம்மறி ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. காரணத்தைத் தேடியபோது ஐசோஃபிளேவோன் குடும்பத்துப் பொருள்தான் என்று தெரிந்தது. உண்மைதான். ஆனால் அந்த ஆடுகளுக்கு மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு, அவற்றின் வயிறும் நம் வயிறு இல்லை. மனிதர்களுக்குள்ளேயே இதில் வித்தியாசம் இருக்கிறது. டைட்சீனை ஈக்வால் என்ற வேறு பொருளாக மாற்றும் குடல் கிருமிகள் சிலருக்கு உண்டு, பலருக்கு இல்லை. ஒரே டோஃபுவைச் சாப்பிட்ட இரண்டு பேரின் ரத்தத்தில் இரண்டு விதமான கணக்கு தெரிவது இதனால்தான்.

ஆண்கள் விஷயம். 2021-இல் 41 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரையில், சோயா சாப்பிட்ட ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனும் குறையவில்லை, ஈஸ்ட்ரோஜனும் ஏறவில்லை என்றுதான் வந்தது. அப்படியென்றால் சோயாப்பால் குடித்து மார்பு வீங்கியதாகச் சொல்லப்படும் மனிதர் கதை? அதுவும் பொய்யில்லை. 60 வயதுக்காரர் ஒருவரைப் பற்றி 2008-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அவர் தினமும் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக சோயாப்பால் குடித்து வந்தார். நிறுத்தியதும் சரியாகிவிட்டது. சோயாப்பால் விற்கும் நானே சொல்கிறேன், எந்தப் பாலையும் யாரும் மூன்று லிட்டர் குடிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டம்ளர் பால், அல்லது ஒரு வேளை டோஃபு என்று இருப்பவர் அந்த மனிதரின் அளவுக்குப் பக்கத்தில்கூடப் போக மாட்டார்.

பெண்கள் கேட்பது வேறு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சாப்பிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். முன்பெல்லாம் ‘எதற்கும் வேண்டாம்’ என்று சொல்லிவிடுவோம், அதுதான் பாதுகாப்பு என்று நினைத்து. ஷாங்காயில் இந்த நோய் கண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்டார்கள். சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் மரணமும் குறைவாகவே இருந்தன. சோயாதான் காப்பாற்றியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் கெடுதல் செய்யும் என்ற பயத்துக்கு இது நல்ல பதில். அமெரிக்கப் புற்றுநோய் சங்கமும் சோயா உணவு பாதுகாப்பானது என்றே சொல்கிறது. மாத்திரையாகவும் பொடியாகவும் செறிவூட்டி விற்கும் ஐசோஃபிளேவோன் வேறு சங்கதி. அதை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென்று உடம்பு கொதிக்கிறதே, அதற்கு ஓரளவு பலன் இருப்பதாக ஆய்வுகள் உண்டு. சிலருக்குக் கேட்கிறது, சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். தைராய்டு சரியாக இருந்து, அயோடின் குறையும் இல்லாதவருக்கு சோயாவால் அந்தச் சுரப்பி கெடுவதில்லை. ஆனால் லீவோதைராக்சின் மாத்திரையைக் குடல் உறிஞ்சுவதை சோயா தடுக்கும். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கையோடு சோயாப்பால் குடித்தால் மாத்திரையில் ஒரு பகுதி வீணாகலாம். நடுவே 4 மணி நேரம் விடுவது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், சாப்பிடும் அளவை ஒரே சீராக வைத்திருப்பது. ஒரு மாதம் தினமும், அடுத்த மாதம் அடியோடு இல்லை என்று மாற்றினால் மாத்திரையின் அளவும் குழம்பும்.

இனி எங்கள் பட்டறையில் நடந்த ஒரு தவறு. போன வருடம் ஒரு நாள் பாலைக் குடித்த சிலருக்கு வயிற்று வலியும் குமட்டலும் வந்தது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். புதிதாக வந்த பையன் அன்று அடுப்படியில் நின்றான். சோயாப்பால் ஏமாற்றுக்காரப் பால். சூடு 80 டிகிரியைத் தாண்டும்போதே நுரை குபுகுபுவென்று அண்டாவின் விளிம்பு வரை ஏறிவிடும். பார்ப்பவருக்குப் பொங்கிவிட்டது என்றே தோன்றும். கொதி இன்னும் வரவே இல்லை. அது பொய்க்கொதி. தணலைக் குறைத்து, கரண்டியால் நுரையை அடக்கி, நிஜமாகக் கொதி வந்த பிறகும் பத்து நிமிடம் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். பச்சை சோயாவில் இருக்கும் சில பொருட்கள், நாம் சாப்பிடும் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதியைக் கட்டிப்போட்டுவிடும். அவற்றை ஒடுக்குவது இந்தக் கொதிதான். பையன் நுரையைப் பார்த்ததுமே இறக்கிவிட்டான். அவனைத் தனியாக நிறுத்தியது நான். இப்போது அடுப்புப் பக்கம் கடிகாரமும் வெப்பமானியும் தொங்குகின்றன, ஒவ்வொரு அண்டாவுக்கும் நேரம் எழுதி வைக்கிறோம். வீட்டில் பால் எடுப்பவர்களும் இதைக் கவனியுங்கள். நுரையை நம்பாதீர்கள்.

நன்றாகக் காய்ச்சினாலும் சிலருக்கு வயிறு உப்பும், வாயு பிரியும். அது வேறு காரணம். ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைச் செரிக்க நமக்கு நொதி கிடையாது. பெருங்குடலில் இருக்கும் கிருமிகள்தான் அவற்றைத் தின்று வாயு விடுகின்றன. பீன்ஸை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுவதால் கொஞ்சம் குறையும். டோஃபுவில் இன்னும் குறைவு, உறைய வைத்து வடிக்கும் நீரோடு அதில் நிறையப் போய்விடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அரை டம்ளரில் ஆரம்பியுங்கள்.

ஒவ்வாமை விளையாட்டு இல்லை. சோயா ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பத்து வயதுக்குள் அது தானாகச் சரியாகிவிடுகிறது, சிலருக்கு நிலைத்துவிடுகிறது. உதடு வீங்கினாலோ, தடிப்பு கிளம்பினாலோ, மூச்சு இழுத்தாலோ ‘கொஞ்சம் பார்க்கலாம்’ என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ புட்டிப்பாலுக்கோ பதிலாக எங்கள் சோயாப்பாலைக் கொடுக்கவே கூடாது. கைக்குழந்தைகளுக்கென்று தயாரிக்கும் சோயாப் பவுடர் வேறு, சத்துகளை அளந்து சேர்த்தது. அதையும் மருத்துவர் சொன்னால்தான் கொடுக்க வேண்டும். ஒரு தாய் எங்கள் பாலைப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பதாகச் சொன்னபோது எனக்கு உதறல் எடுத்துவிட்டது.

சில்லறை விஷயங்கள் சில. சோயாவில் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இருப்பதால் அதிலுள்ள இரும்புச்சத்து முழுதாக உடம்பில் சேராது, கூடவே எலுமிச்சை மாதிரி புளிப்பாக எதையாவது சேர்த்துக்கொண்டால் பரவாயில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கல் வந்தவர்களும் அளவைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். நாட்டோ என்ற புளித்த சோயாவில் வைட்டமின் கே மிக அதிகம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அது ஆகாது. நாங்கள் அதைச் செய்வதில்லை, ஆனாலும் கேட்கிறீர்கள். சோயா சாஸைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் அதன் உப்பைப் பற்றிப் படுங்கள். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, ஒரு நாள் முழுவதற்குமே 2,000-க்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டிலைக் குலுக்கிக் குடியுங்கள். சோயாப்பாலில் கால்சியம் இயற்கையாகக் குறைவு என்பதால்தான் தனியாகச் சேர்க்கிறோம், அது அடியில் போய்ப் படிந்துவிடும். குலுக்காமல் குடித்தால் கால்சியம் பாட்டிலோடு எங்களுக்கே திரும்பி வருகிறது. கழுவும்போது பார்க்கிறோமே!

புதிய லேபிளில் வரும் மூன்று வரிகள் இவை: ‘சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் உண்ணக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாலாகத் தரக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் இடையே நேரம் விடவும்.’ பழைய லேபிள் இன்னும் இரண்டு வாரத்துக்கு இருக்கிறது. அதில் பச்சை வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டித்தான் வெளியே அனுப்புவோம். ஒட்டாமல் ஏதாவது வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மாற்றித் தருகிறோம்.

அந்த அம்மாவின் டோஃபுவைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். பெரியவரிடம் நானே நேரில் போய், வரி எங்கள் தவறு, மாத்திரையை நிறுத்தாதீர்கள், முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்று சொன்னேன். கோபித்துக்கொண்டார். “அப்போ எதுக்குய்யா எழுதினீங்க?” என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டாராம். பால் இனி அரை லிட்டர் போதுமாம், ருசிக்காக.

இப்படிக்கு,
உங்கள் சோயாப்பால் பட்டறையிலிருந்து