ஈஸ்டருக்கு உருளைக்கிழங்கு

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
24 மார்ச் 2026

அன்புள்ள சரோ,

முட்டி வலி தேவலையா? எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதே. சரி, விசாரிப்பு முடிந்தது.

ஈஸ்டர் ஞாயிறன்று சின்னப் பிள்ளைகளை எல்லாம் ஆயா பார்த்துக்கொள்வார் என்று என் மருமகள் சர்ச் தோழிகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வாண்டுகள், ஒன்றுக்கும் மூன்று வயது நிரம்பவில்லை. தோட்டத்தில் முட்டை ஒளித்து வைக்கலாமாம். இங்கே பெய்கிற மழையில் பின்பக்கம் முழுக்கச் சேறு. கூடத்துக்குள்தான் எல்லாம். இவரோ அன்றைக்கு மீன் பிடிக்கப் போகிறாராம். எந்த மீன் என்று உனக்குத் தெரியும்.

எனக்குப் பயம் அந்தக் குட்டி சாக்லேட் முட்டைகள்தான். மார்ஷ்மெல்லோ முட்டையும் அப்படித்தான், ஒட்டிக்கொண்டு தொண்டையை அடைத்துவிடும். டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதையும் அந்த வயதுப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. மருமகளிடம் சொன்னால், "நீங்கள் ரொம்பப் பயப்படுகிறீர்கள்" என்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை திராட்சையை விழுங்கிய அந்த மத்தியானத்தை அவள் பார்த்ததில்லை. நாம் பார்த்தோம். இருமலும் இல்லை, அழுகையும் இல்லை. சத்தமே வராது சரோ.

அவித்த முட்டைக்குச் சாயம் போடலாம் என்றால் நான் இசிபிங்கோ கோயில் மாரியம்மனுக்கு விரதம். திருவிழா முடியும்வரை என் அடுப்படிக்குள் முட்டை வராது.

அப்புறம்தான் உருளைக்கிழங்கு அச்சு ஞாபகம் வந்தது! நீளவாக்கில் பாதியாக வெட்டினால் அசல் முட்டை வடிவம். வெட்டிய பக்கத்தில் கோடும் புள்ளியும் செதுக்கி, முதுகுப் பக்கம் சின்ன விரல்கள் பிடிக்க இரண்டு வெட்டு. துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாயம் பிடிக்காது. சாயத்துக்கு மைதாக் கூழ்: ஒன்றில் மஞ்சள்தூள், ஒன்றில் பீட்ரூட் சாறு, ஒன்றில் அரைத்த கீரை. நக்கினாலும் கவலையில்லை, நக்கத்தான் போகிறார்கள். தரையில் பிரவுன் பேப்பரை விரித்து டேப் போட்டு ஒட்டிவிட்டால் அவர்கள் பாடு. மஞ்சள் கறை போகாது, பழைய சட்டையோடு அனுப்புங்கள் என்று தாய்மாருக்குச் சொல்லியாகிவிட்டது. பத்து நிமிடத்தில் அலுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சுவரில் அவர்கள் உயரத்துக்குக் காகித முட்டைகள். ஆளுக்கு ஒரு நிறம். அவரவர் நிறத்தை அவரவர் பிய்த்துக் கூடையில் போடலாம், அடிதடி இருக்காது.

விரதத்தில் இதெல்லாம் எதற்கு என்று நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த நம் ஆட்களுக்கு ஈஸ்டருக்குத்தான் லீவு, அதனால்தான் பெரிய வெள்ளியில் அம்மன் திருவிழா என்று தாத்தா சொல்வாரே, அதை நினைவுபடுத்தினேன். வாயை மூடிக்கொண்டாள். எத்தனை நேரத்துக்கோ!

சனிக்கிழமை மத்தியானம் கிழங்கு செதுக்க வா. என் கத்தியெல்லாம் மொட்டை, உன்னுடையதைக் கொண்டு வா. திங்கட்கிழமை ஃபேமிலி டே லீவு. அன்றைக்கு மட்டும் போன் பண்ணாதே, தூங்குவேன்.

உன்
செல்லம்