உப்புச் சாடியைக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா

லேவார்டன், நெதர்லாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்கக் கோணேசரைக் கும்பிடுகிறேன். இங்கே நல்ல குளிர், நாலரைக்கே இருட்டிவிடுகிறது. வேலை, டச்சு வகுப்பு எல்லாம் போனில் கதைத்ததுதான்.

குசினிக்குப் பின்னால் நிற்கும் உப்புச் சாடியைப் பழைய சாமான் வாங்குகிறவர் கேட்டுப் போனார் என்று தம்பி சொன்னான். அதற்காகத்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

இந்த ஊரில் பிரின்செஸ்ஸஹோஃப் என்று மட்பாண்டங்களுக்கான அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மரியா லூயிஸ் என்ற இளவரசி வாழ்ந்த மாளிகை. சீனப் பீங்கான் என்றால் அவருக்கு உயிராம். லீவு நாட்களில் அங்கேதான் நிற்பேன். சீனத்துப் பூச்சாடி, ஜப்பான் கிண்ணம் என்று பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும்.

1603இல் சிங்கப்பூர்ப் பக்கம் போர்த்துக்கேயரின் சாந்தா கத்தரீனா கப்பலை ஒல்லாந்தர் பிடித்தார்கள். அதிலிருந்த பீங்கானை அடுத்த வருடம் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டதும் இங்குள்ள பணக்காரருக்கு அதன்மேல் பித்துப் பிடித்துவிட்டது. பிறகு சீனாவில் மிங் ஆட்சி சரிந்த குழப்பத்தில் வரத்துக் குறைய, டெல்ஃப்ட் ஊர்க்காரர் தங்கள் களிமண்ணுக்கு வெள்ளீயம் சேர்த்த வெண்பூச்சுக் கொடுத்து, மேலே நீலம் தீட்டி விற்றார்கள். பார்வைக்குச் சீனச் சாமான்தான். விளிம்பு உடைந்த இடத்தில்தான் உள்ளே இருக்கும் மண் தெரியும். உண்மையான பீங்கான் உடைந்தாலும் வெள்ளைதான்.

ஆனால் நான் கனநேரம் நின்றது மர்த்தபான் சாடிகளுக்கு முன்னால். இடுப்பளவு உயரம், மண்ணிறப் பூச்சு, தோளில் கயிறு கட்டுவதற்குச் சின்னக் காதுகள். தென்சீனாவிலும் பர்மாவிலும் செய்து, தண்ணீரும் எண்ணெயும் ஊறுகாயும் நிரப்பிக் கப்பலில் ஏற்றியவை. போர்னியோவில் தயாக் மக்கள் இவற்றைப் பரம்பரைச் சொத்தாகக் காத்தார்கள், கல்யாணத்தில் பெண் வீட்டாருக்கும் கொடுத்தார்கள். 1639இல் நம்மூர்த் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்த அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பல்களிலும் இந்தச் சாடிகள் போய் வந்திருக்கின்றன. கோட்டை வாசலால் கோயிலுக்கு நடந்த நாட்களில் இதையெல்லாம் யார் எனக்குச் சொன்னார்கள்! அரசர்களின் பூச்சாடியை விட, உழைத்துத் தேய்ந்த இந்தச் சாடிகளே எனக்கு அழகு. அம்மம்மா கைபட்ட நம் சாடியும் அந்த இனம்தான், எந்த ஊரில் சுட்டதாக இருந்தாலும் சரி.

இனி அதில் உப்புப் போட வேண்டாம். உப்பு மண்ணுக்குள் ஊறி, காயும்போது மணியாகத் திரண்டு மேற்பூச்சை உரித்துவிடும். நல்ல தண்ணீர் நிரப்பி, சில நாட்களுக்கு மாற்றி மாற்றி ஊற்றி, நிழலில் உலர விடுங்கள். சுடுதண்ணீர் ஊற்றவோ, சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேய்க்கவோ கூடாது. தூக்கும்போது காதைப் பிடிக்காமல் அடியில் கை கொடுக்கச் சொல்லுங்கள்.

தம்பி அடிப்பக்கத்தையும் காதுகளையும் கிட்டவாகப் படம் எடுத்து அனுப்பட்டும். கூரை வேலைக்குக் காசு போதாதென்றுதான் விற்க நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் காசை இந்த மாதச் சம்பளத்தில் நான் அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மகள்