பணியில் இருப்போருக்குத் தமிழில் பைதான்: தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குப் பிரிவைக் கவனித்து வருபவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். கணக்கர், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும் தயாரிப்பவர் என்று காலை முதல் மாலை வரை எக்செல் கோப்புகளோடு வேலை செய்கிறவர்கள் இந்த நகரத்தில் ஏராளமானோர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பைதான் என்ற கணினி நிரல்மொழியைத் தமிழில், அவர்களுடைய மேசையில் உள்ள கோப்பிலிருந்தே தொடங்கிக் கற்பிக்கும் ஒரு பாடத்தைத் தங்கள் கழகம் உருவாக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பைதான் வகுப்புகளுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. ஆனால் நான் பார்த்த வகுப்புகள் பெரும்பாலும் விண்மீன் குறிகளை முக்கோணமாக அடுக்குவதிலும் பகா எண்களைக் கண்டுபிடிப்பதிலுமே தொடங்குகின்றன. நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் மாணவருக்கு அவை உதவலாம். நாள் முழுவதும் உழைத்துவிட்டு வந்து உட்காருகிற ஒரு கணக்கருக்கோ, தன் வேலைக்கும் அந்த முக்கோணத்துக்கும் என்ன தொடர்பு என்பது வாரக்கணக்கில் விளங்குவதில்லை. ஒரு கட்டத்தில் அவர் வருவதை நிறுத்திவிடுகிறார். அவருக்கு ஆர்வமில்லை, கணிதம் வரவில்லை என்றெல்லாம் சொல்வது அநியாயம். பாடம் அவரை மனத்தில் வைத்து எழுதப்படவில்லை என்பதுதான் உண்மை. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் மாணவர்களையே முன்னிறுத்துகிறது. படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு அதுபோல ஒரு வழி வேண்டும்.

எங்கள் வேலையிலிருந்தே ஒன்றை எடுத்துக்காட்டுகிறேன். ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற அறிக்கை உருவாகிறது. நமக்குச் சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்கள் அதில் இருக்கும். 2022 ஜனவரி முதல், அதில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை, எடுக்க முடியாது. மாதந்தோறும் தாக்கல் செய்வோர் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிக்கணக்குப் படிவத்தை முடிக்க வேண்டும் என்பதால், இடையில் உள்ள சில நாள்களில் நம் கொள்முதல் பதிவேட்டையும் அந்த அறிக்கையையும் வரி வரியாக ஒப்பிட்டாக வேண்டும். தேடல் சூத்திரம் போட்டால் பாதி பொருந்தாது. ஏனெனில் விற்றவர் பில் எண்ணை 'ஐஎன்வி/0045' என்று பதிந்திருப்பார். நம் பதிவேட்டில் அது 'ஐஎன்வி-45' என்று இருக்கும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எக்செல்லுக்கு வேறு வேறு. அந்த வாரம் கணக்குப் பிரிவுகளில் விளக்கு அணைய நேரமாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதையே பைதானில் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பாண்டாஸ் என்ற இலவச நிரல் தொகுப்பைக் கொண்டு இரண்டு கோப்புகளையும் படிக்கிறோம். பில் எண்ணில் உள்ள சாய்கோடு, சிறுகோடு, இடைவெளி, முன்னால் நிற்கும் பூச்சியம் ஆகியவற்றை இரு பக்கமும் ஒரே விதியால் நீக்குகிறோம். வெவ்வேறு விற்பனையாளர்களின் பில் எண்கள் ஒன்றாக இருக்கலாம் என்பதால், எழுத்தும் எண்ணுமாக 15 இடங்கள் கொண்ட ஜிஎஸ்டி பதிவு எண்ணையும் சேர்த்துப் பொருத்துகிறோம். இரண்டிலும் இருப்பவை, நம் பதிவேட்டில் மட்டும் இருப்பவை, அறிக்கையில் மட்டும் இருப்பவை என்று மூன்று பட்டியல்கள் வந்துவிடுகின்றன. நிரல் இருபது, முப்பது வரிகளைத் தாண்டாது. அடுத்த மாதம் கோப்பின் பெயரை மாற்றினால் போதும். மாறி, நிபந்தனை, மடக்கு, செயற்கூறு என்று பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களாக நடத்துகிற அத்தனையும் இந்த ஒரு வேலைக்குள் இயல்பாக வந்துவிடுகின்றன. கற்பவர் தமக்கு ஏற்கெனவே விடை தெரிந்த கணக்கில் அவற்றைக் கற்கிறார் என்பதால், நிரல் தவறான விடை தந்தால் அவருக்கே அது உடனே தெரியும். இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எக்செல்லைக் கைவிடச் சொல்வது என் நோக்கமன்று. அதன் எல்லை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்று விவரங்கள், 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காத பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றப்பட்டதால் விடுபட்டுப் போயின. நம் அலுவலகங்களில் கோப்பு அவ்வளவு பெரிதாவதில்லை; சிக்கல் வேறு விதமாக வருகிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே காத்து வைப்பதால், 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே தட்டினால் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும். பைதானும் இந்த விஷயத்தில் தானாகக் காப்பாற்றிவிடாது. கணக்கு எண், பில் எண் போன்றவற்றை எண்ணாக அன்றி எழுத்தாகவே படிக்க வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். எந்தத் தரவை எந்த வகையாகப் படிப்பது என்ற இந்தத் தெளிவு பாடத்தின் முதல் வாரத்திலேயே வர வேண்டும்.

இதைத் தங்கள் கழகத்திடம் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தமிழில் உள்ள தரவைக் கையாள எந்தப் பயிற்சி நிலையமும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. தமிழ்ப் பெயர்கள் உள்ள ஒரு சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய பட்டியல் கோப்பு) எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் பல நேரங்களில் எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில், அதைக் காட்டும் தொடக்க அடையாளத்தோடு சேமித்தால் அந்தத் தொல்லை தீர்கிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைதானிடம் கேட்டால் மூன்று என்று சொல்லாமல் ஐந்து என்கிறது, ஏனெனில் 'மி'யில் உள்ள இகரக் குறியையும் 'ழ்'இல் உள்ள புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. பெயர்களை அகர வரிசைப்படுத்தினால் 'ன' வரிசை 'ப'வுக்கு முன்னால் வந்து நிற்கிறது. நூலகப் பட்டியல், உறுப்பினர் பட்டியல், நலத்திட்டப் பயனாளிகள் பட்டியல் என்று தமிழில் வேலை செய்யும் எவருக்கும் இவை அன்றாடத் தலைவலிகள். தமிழ்க் கணிமையை வளர்த்து வரும் தங்கள் நிறுவனம் இதைக் கற்பிக்காவிட்டால் வேறு யாரும் கற்பிக்கப் போவதில்லை.

நடைமுறை குறித்துச் சில சொற்கள். மாலையில் அம்பத்தூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் தங்கள் கழகம் உள்ள கோட்டூர்புரம் வந்து சேர்வது எளிதன்று. சனிக்கிழமையும் பலருக்கு வேலை நாள். எனவே கிளை நூலகங்களில் ஞாயிறு காலை வகுப்புகளை நடத்தலாம். பழைய கணினிகளே போதும். நிரல் நின்றுபோகும்போது ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்திகளில் அடிக்கடி வருபவற்றை எடுத்து, அவை எதனால் வருகின்றன, எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று தமிழில் விளக்கும் ஒரு கையேடு கட்டாயம் வேண்டும். தொடக்கத்தில் பலரை விரட்டுவது அந்தச் சிவப்பு எழுத்துகள்தாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளே நிரல் எழுதித் தருகின்றனவே என்று தாங்கள் கேட்கலாம். எழுதித் தருகின்றன, ஆனால் கூட்டுத்தொகை சரிதானா என்று பார்த்துக் கையொப்பமிடுபவர் அந்தக் கணக்கர்தான், அவரால் அந்த நிரலைப் படிக்க முடிய வேண்டும். நிறுவனத்தின் சம்பளப் பட்டியலையும் வாடிக்கையாளர் விவரங்களையும் கண்ட இணையதளங்களில் ஏற்றக் கூடாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லித் தர வேண்டும்.

தாங்கள் இசைந்தால், கொள்முதல் ஒப்பீடு, வருகைப் பதிவிலிருந்து சம்பள நாள் கணக்கிடுதல், இருப்புப் பட்டியல் சரிபார்த்தல் ஆகிய மூன்றுக்கும் பெயர்களையும் எண்களையும் மாற்றிய மாதிரிக் கோப்புகளைத் தயாரித்துத் தர நானும் இதே துறையில் உள்ள நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். முதல் தொகுதியை ஏதேனும் ஒரு கிளை நூலகத்தில் சோதனை முறையில் நடத்துவதற்கு ஒப்புதல் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்பத்தூரிலிருந்து ஒரு கணக்கர்